தடம் மாறித்தான் முந்த வேண்டும்

அன்பு மகள் கவிதாவுக்கு,

லைசென்ஸ் கிடைத்துவிட்டது, இனி சிங்கப்பூரின் துவாஸ் தொழிற்பேட்டையில் வேலைக்குக் காரில்தான் போகப்போகிறாய் என்று அம்மா சொன்னாள். சந்தோஷம்மா. சாலையில் சைக்கிள்களிடம் எப்படிக் கவனமாக இருப்பது என்பதைத்தான் இதில் எழுதுகிறேன். விரைவுச்சாலையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. ஆனால் துவாஸில் இறங்கியதும் நிலைமையே வேறு. தமிழ்நாட்டிலிருந்தும் பங்ளாதேஷிலிருந்தும் வந்த ஊழியர்கள் விடியுமுன்பே தங்குவிடுதியிலிருந்து சைக்கிளில் கிளம்பிவிடுவார்கள். இருட்டில் பின்னால் சிவப்பு விளக்கோ, ஒளியைத் திருப்பி மினுக்கும் ரிஃப்ளெக்டரோ இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆனாலும் சிலர் வண்டியில் இருக்காது. உன் கார் வெளிச்சத்தில் மேலும் கீழுமாக அசையும் ஒரு சின்ன மினுக்கல் தெரிந்தால் அது பெடல் ரிஃப்ளெக்டர். உடனே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடு.

சைக்கிளை முந்தும்போது குறைந்தது 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்று வகுப்பில் படித்திருப்பாய். அதைக் கணக்காகப் போட்டுப் பார். ஓரத்தில் வடிகால் மூடி, மணல், கண்ணாடித் துண்டு எல்லாம் கிடக்கும் என்பதால் சைக்கிள் சுமார் 1 மீட்டர் தள்ளித்தான் ஓடும். அதோடு கைப்பிடியின் பாதி அகலம் 0.3 மீட்டர். பிறகு அந்த 1.5 மீட்டர். பிறகு உன் கார், பக்கக் கண்ணாடிகளோடு ஏறக்குறைய 2 மீட்டர். கூட்டினால் 4.8 மீட்டர் வருகிறது. ஒரு தடத்தின் அகலமோ பெரும்பாலும் மூன்றரை மீட்டருக்குள்தான். ஆகவே அதே தடத்தில் ஒதுங்கிப் போய்விடலாம் என்று நினைக்கவே நினைக்காதே. பாதிக் கார் இந்தத் தடத்திலும் பாதி அந்தத் தடத்திலுமாக உரசிக்கொண்டு போவதுதான் பலர் செய்யும் தப்பு. சைக்கிளோட்டி பின்னால் திரும்பிப் பார்த்தாலே கைப்பிடி வலப்பக்கம் சற்று இழுத்துவிடும். அந்த இழுப்புக்கும் சேர்த்துத்தான் 1.5 மீட்டர்.

தூரத்தில் பார்த்ததுமே வேகத்தைக் குறை. நடுக்கண்ணாடி, வலக்கண்ணாடி, சிக்னல், தோளுக்கு மேல் ஒரு பார்வை. முழுக்க வலத்தடத்துக்கு மாறி முந்து. நடுக்கண்ணாடியில் முழுச் சைக்கிளும் தெரிந்த பிறகே இடப்பக்கம் திரும்பி வா. குழுவாகப் போகிறவர்கள் இருவர் இருவராக ஐந்து வரிசை வரை போகலாம். கிட்டத்தட்ட ஒரு பேருந்தின் நீளம். அதை முந்தத் தேவையான வெற்றிடம் இல்லையென்றால் தொடங்காதே.

கிராஞ்சிப் பக்கம் உள்ளதுபோல் ஒற்றைத் தடச் சாலையில், நடுவில் இரட்டை வெள்ளைக் கோடு இருந்தால் பின்னாலேயே போ. 25 கிலோமீட்டர் வேகத்தில் 200 மீட்டர் போனாலும், 50இல் போவதைவிட உனக்கு 15 விநாடிகூடக் கூடுதலாக ஆகாது. ஹார்ன் அடிக்காதே. திடுக்கிட்டால் அவர் சாயப்போவது உன் பக்கமாகவும் இருக்கலாம்.

எனக்கு மிகவும் பயம் தருவது இடத்திருப்பம். சைக்கிளை முந்திவிட்டு, அடுத்த சந்திப்பில் பிரேக் போட்டு இடப்பக்கம் வெட்டுவது. நேராகப் போகிறவர் உன் கதவில் வந்து மோத வேண்டியதுதான். சந்திப்புக்கு 50 மீட்டருக்குள் சைக்கிள் இருந்தால் முந்தாதே, அவரைப் போகவிட்டுத் திரும்பு. வலப்பக்கம் திரும்பும்போதும் எதிரே வரும் சைக்கிளின் வேகத்தைக் குறைத்து மதிப்பிடாதே. பந்தயச் சைக்கிள் 35 கிலோமீட்டரில் வரும். காரின் முன்கண்ணாடியின் ஓரத் தூண் ஒரு சைக்கிளை முழுசாக மறைத்துவிடும். தலையை முன்னும் பின்னும் அசைத்துப் பார்.

உணவு விநியோகம் செய்பவர்களின் மின்சைக்கிளுக்கு நடைபாதையில் இடமில்லை. சைக்கிள் பாதை இல்லாத இடத்தில் அவர்கள் சாலைக்குத்தான் வந்தாக வேண்டும். 25 கிலோமீட்டரில் மோட்டார் உதவி நின்றுவிடும், அவசரப்படுத்திப் பயனில்லை. மழை நேரத்தில் வெள்ளைக் கோடும் வடிகால் மூடியும் வழுக்கும். அவற்றைத் தவிர்க்க அவர்கள் சட்டென்று ஒதுங்குவார்கள். அன்று இடைவெளியை இன்னும் கூட்டு.

கதவு விஷயமும் முக்கியம். உன் கதவை எப்போதும் இடக்கையால் திற. உடம்பு தானே திரும்பும், பின்னால் வருவது கண்ணில் படும். பக்கத்தில் இருப்பவரை வலக்கையால் திறக்கச் சொல். நெரிசலில் நடுவழியில் யாரையும் இடப்பக்கம் இறக்கிவிடாதே. ஓரக்கல்லை ஒட்டி நிறுத்து, இடையில் சைக்கிள் நுழைய வழி இருக்காது.

அன்புடன்,
அப்பா