கெட்டிஸ்பர்க் கிளம்பும் முன்

அன்புள்ள கதிருக்கு,

அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த கெட்டிஸ்பர்க், ஆன்டீட்டம், ஹார்ப்பர்ஸ் ஃபெரி மூன்றையும் ஒரே மூச்சில் பார்த்துவிட்டு வரப்போவதாக உன் பெண்டாட்டி சொன்னாள். துப்பாக்கியை மறைத்துக் கொண்டுபோகும் லைசென்ஸ் உன் கைக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டுப் போவாய் என்ற நம்பிக்கை எனக்கில்லை. அதனால் இதைப் படித்துவிட்டுக் கிளம்பு.

இந்த மூன்று இடமும் இப்போது தேசியப் பூங்காக்கள். தேசியப் பூங்காவுக்குள் துப்பாக்கியே கூடாது என்பது பழைய கதை. 2009-ல் கிரெடிட் கார்டுச் சட்டம் ஒன்று வந்தபோது அதன் வாலில் இதற்கான பிரிவையும் கட்டிவிட்டார்கள். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் போட்ட முடிச்சு, ஆனாலும் சட்டம் சட்டம்தான். 2010 பிப்ரவரி 22 முதல், பூங்கா எந்த மாநிலத்து மண்ணில் இருக்கிறதோ அந்த மாநிலத்துச் சட்டம்தான் அங்கே செல்லும். கெட்டிஸ்பர்க் இருப்பது பென்சில்வேனியாவில். அந்த மாநில லைசென்ஸோடு லிட்டில் ரவுண்ட் டாப் குன்றில் ஏறலாம், 1863-ல் லிங்கன் பேசிய கல்லறைத் தோட்டத்தில் நடக்கலாம். வைத்திருக்கத்தான் அனுமதி, பூங்காவில் சுடுவதற்கு உள்ள தடை அப்படியே இருக்கிறது.

வாசற்படி தாண்டினால் நிலைமை வேறு. மத்திய அரசு ஊழியர்கள் வழக்கமாக வேலை பார்க்கும் கட்டடத்துக்குள், அது அரசின் சொந்தக் கட்டடமோ வாடகைக் கட்டடமோ, துப்பாக்கி கொண்டுபோனால் ஓராண்டு வரை சிறை. லைசென்ஸ் அங்கே உதவாது. பொது வாசல்களில் அறிவிப்பு ஒட்டியிருப்பார்கள். பார்வையாளர் மையம், டேவிட் வில்ஸ் வீடு, ஐசனோவர் வீடு என ஒவ்வொரு இடத்திலும் கதவைத் தொடும் முன் அதைத் தேடு. கழிவறையில் மாட்டிக்கொள்வது எளிது: மையத்துக்குள் இருக்கும் கழிவறையும் அந்தக் கட்டடம்தானே. குழந்தை அவசரம் என்று இழுக்கும்போது இடுப்பில் இருப்பது நினைவுக்கு வராது.

தடை கட்டடத்துக்குத்தான், கார் நிறுத்துமிடத்துக்கு இல்லை. டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒரு இரும்புப் பெட்டி வை, அதன் கம்பிக் கயிற்றை சீட்டின் இரும்புக் காலில் சுற்று. துப்பாக்கியை உறையிலிருந்து உருவாதே. உறையோடு சேர்த்தே கழற்றிப் பெட்டியில் வை, உறையோடு சேர்த்தே திரும்ப மாட்டு. காருக்குள் குனிந்தபடி உருவிச் செருகும்போது கை தவறி வெடித்துவிடலாம். இதை நிறுத்துமிடத்துக்கு வந்து செய்யாதே. கூட்டத்துக்கு நடுவே நீ இடுப்பைத் தடவுவதை எவனாவது பார்த்தால், நீ உள்ளே போனதும் கண்ணாடி உடையும். வரும் வழியிலேயே ஆளில்லாத இடத்தில் முடித்துவிடு.

இன்னொன்று. அங்கே உரிமம் பெற்ற போர்க்கள வழிகாட்டிகள் உண்டு. காசு தகும், கட்டாயம் வைத்துக்கொள். ஆனால் அவர்களில் பலர் உன் காரை அவர்களே ஓட்டிக்கொண்டு கதை சொல்வார்கள். டாஷ்போர்டுப் பெட்டியில் துப்பாக்கி கிடந்தால், அன்று முழுக்க அது முன்பின் தெரியாத ஒருவரின் முழங்காலுக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

இப்போது மேரிலாந்து. கெட்டிஸ்பர்க்கிலிருந்து தெற்கே சுமார் பத்து மைலில் எல்லை. வெளிமாநில லைசென்ஸ் எதையும் மேரிலாந்து ஏற்பதில்லை. ஆன்டீட்டம் முழுக்க அந்த மண்ணில்தான் இருக்கிறது. 1986-ன் மத்தியச் சட்டப்படி தோட்டா நீக்கி டிக்கியில் வைத்துக் கடந்து போகலாம். டிக்கி இல்லாத வண்டியென்றால் பூட்டிய பெட்டி வேண்டும், டாஷ்போர்டுப் பெட்டி அதற்கு ஆகாது. ஆனால் அது கடந்து போகிறவனுக்கான பாதுகாப்பு; அரை நாள் நின்று போர்க்களம் சுற்றுகிறவனையும் காப்பாற்றும் என்று நான் துணிந்து சொல்லமாட்டேன்.

ஹார்ப்பர்ஸ் ஃபெரி இதைவிட வில்லங்கம். ஊர் மேற்கு வர்ஜீனியா. அங்கே 21 வயதானவருக்கு லைசென்ஸே வேண்டாம். ஆனால் 340-ஆம் சாலையில் போனால் மேரிலாந்து, பொட்டோமாக் ஆறு தாண்டியதும் கொஞ்ச தூரம் வர்ஜீனியா, அடுத்த பாலத்துக்கு அப்பால் மேற்கு வர்ஜீனியா. ஊருக்குள் ரயில் பாலத்தை ஒட்டி ஒரு நடைபாலம் இருக்கிறது. மேரிலாந்து ஹைட்ஸ் மலைக்கு பலரும் அதில்தான் போவார்கள். எல்லைக்கோடு பொட்டோமாக் ஆற்றின் நடுவில் இருக்கும் என்று நினைத்துவிடாதே. மேற்கு வர்ஜீனியாக் கரையின் தாழ்ந்த நீர்மட்டம் வரை ஆறு மேரிலாந்துக்குச் சொந்தம். தண்ணீருக்கு மேல் நாலு அடி வைத்தாலே இடுப்பில் இருப்பது குற்றம்.

ஆகவே கெட்டிஸ்பர்க்கைத் தனியாக ஒரு நாள் போய் வா. மற்ற இரண்டுக்கும் துப்பாக்கியை வீட்டுப் பெட்டகத்தில் பூட்டிவிட்டுப் போ. இல்லை, எடுத்துத்தான் போவேன் என்றால் பென்சில்வேனியாவிலேயே தோட்டாவை நீக்கிவிடு. முதலில் மேகசினை, அதாவது தோட்டா அடுக்கிய செருகுபெட்டியை, எடு; பிறகுதான் ஸ்லைடை, அதாவது துப்பாக்கியின் மேலே நகரும் பகுதியை, இழு. மாற்றிச் செய்தால் ஒரு தோட்டா வெளியே விழும், அதைப் பார்த்துக் காலி என்று நினைப்பாய். மேகசினிலிருந்து இன்னொன்று துப்பாக்கியின் தோட்டா அறைக்குள் ஏறியிருக்கும். கண்ணால் பார், சுண்டுவிரலை விட்டும் பார்.

உன் மச்சினனும் வருகிறானாமே. அவன் எச்-1பி விசாவில் இருப்பவன். வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் தவிர, அந்த விசாக்காரர் துப்பாக்கி வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். "கொஞ்சம் பிடி, பாத்ரூம் போய்விட்டு வருகிறேன்" என்று அவன் கையில் கொடுத்துவிடாதே. பெட்டிச் சாவியும் உன்னிடமே இருக்கட்டும்.

அன்புடன்,
அம்மா