"ஃபுட்வால்வைப் பார்த்தியா?"

சாண்ட்லர், அரிசோனா
பிப்ரவரி மாதம், ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்ததா? ஒல்லி ஏதோ எண்ணெய் சொல்லி, நீயும் வாங்கிக் கொடுத்தாயாமே. ஒல்லி சொல்கிற வைத்தியத்தை அம்மாவிடம் பரீட்சை பண்ணாதே, ஒழுங்காக டாக்டரிடம் கூட்டிப் போ. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். சின்னவளின் அரங்கேற்ற வீடியோ பார்த்தேன், அருமை. நல்லவேளை, அவளுக்கு உன் கால் வரவில்லை.

போனில் பேசினால் பாதியில் கடைக்கு ஆள் வந்துவிடும், நீ "சரி வை" என்பாய். இந்த விஷயம் உனக்கு முழுசாகத் தெரிந்தாக வேண்டும். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ட்ரெய்லர் வாங்கிவிட்டோம். இங்கே இதை டாய் ஹாலர் என்பார்கள். பிக்கப் வண்டியின் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற வீடு என்று வைத்துக்கொள். முன்பக்கம் கட்டில், சமையல் மேடை, குளியலறை, கக்கூஸ் எல்லாம் உண்டு. பின்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு வெறும் ஷெட். பின் சுவரே கீழே சாய்ந்து சரிவுப் பலகையாகிவிடும், அதன்மேல் பைக்கை ஏற்றி உள்ளே நிறுத்திக் கட்டிக்கொள்ளலாம். போய்ச் சேர்ந்ததும் பைக்கை இறக்கிவிட்டு ஸ்விட்சைத் தட்டினால், கூரையோடு ஒட்டியிருக்கும் கட்டில் கீழே இறங்கும். பகலில் ஷெட், இரவில் படுக்கையறை. பெரியவனுக்கு மண்ணில் ஓட்டுகிற பைக் மேல் பைத்தியம் என்று உனக்குத் தெரியும். இவளோ டென்டில் இனி ஒரு ராத்திரிகூடப் படுக்க மாட்டேன் என்றுவிட்டாள். இரண்டு பேருக்கும் இது ஒத்துவந்தது.

முதலில் போனது கிளாமிஸுக்கு. கலிபோர்னியாவின் தென்கிழக்கு மூலையில் இம்பீரியல் மணற்குன்றுகள் என்று இருக்கிறது. 40 மைலுக்கு மேல் நீளம், சில குன்றுகள் 300 அடி உயரம். குளிர்காலத்தில் அங்கே ஜே ஜே என்று கூட்டம், வெயில் காலத்தில் ஈ, காக்கா இருக்காது. நாங்கள் தங்கிய பக்கம் தண்ணீர்க் குழாய் என்பதே கிடையாது. கொண்டுபோகிற தண்ணீர்தான் குடிக்க, குளிக்க, பாத்திரம் கழுவ. ட்ரெய்லரின் நல்ல தண்ணீர் டேங்க் 100 கேலன், நம் கணக்கில் 378 லிட்டர். கழிவுக்கு இரண்டு டேங்க். குளித்த தண்ணீர், கழுவின தண்ணீர் ஒன்றில், கக்கூஸ் தண்ணீர் இன்னொன்றில். அதை அங்கே மண்ணில் திறந்துவிட முடியாது, அதற்கென்று உள்ள இடத்துக்கு ஓட்டிப் போய்த்தான் காலி பண்ண வேண்டும். ஆகவே உள்ளே வருகிற ஒவ்வொரு சொட்டுக்கும் கணக்கு, வெளியே போவதற்கும் கணக்கு.

இனிமேல்தான் உன் சமாச்சாரம். பம்ப் 12 வோல்ட், டயாபிராம் பம்ப். குழாயைத் திறந்தால் லைனில் பிரஷர் இறங்கும், பம்ப் தானே ஓடும். மூடினால் 55 பி.எஸ்.ஐ. சுமாருக்கு ஏறியதும் தானே நின்றுவிடும். நீ வீடுகளுக்குப் போட்டுக் கொடுக்கிறாயே பிரஷர் பூஸ்டர், அதே தத்துவம்தான். முதல் ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு, கட்டிலுக்கு அடியில் "டுர்ர்" என்று ஒரு நொடி ஓடி நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி "டுர்ர்". ஒரு குழாயும் திறந்திருக்கவில்லை. இவள் எழுந்து, "பாம்பு கீம்பு ஏதாவது உள்ளே வந்துடுச்சா?" என்றாள். நான் பம்ப் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. பிரஷர் இறங்குகிறது என்றால் தண்ணீர் எங்கோ போகிறது. எங்கே போகிறது?

ஊர் வந்ததும் விற்ற கடைக்குப் போன் பண்ணினேன். வாரண்டி ஒரு வருடம் இருக்கிறது, வண்டியைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போங்கள், முறை வரும்போது பார்க்கிறோம் என்றார்கள். எப்போது முறை வரும் என்றால் பதில் இல்லை. பம்பில் என்ன இருக்கும் என்று கேட்டேன். "பம்பையே மாத்திடுவோம் சார்" என்றது அந்தப் பக்கத்துக் குரல். பார்க்கவே இல்லை, அதற்குள் மாற்றிவிடுவார்களாம். எனக்கு வந்த கோபம் உனக்கும் வரும். புத்தம் புது வண்டி, பிளாஸ்டிக் உறைகூடக் கிழிக்காத மெத்தை, தண்ணீர் நிற்காத குழாய். இந்த ஊரில் ஓடுகிற இந்த மாதிரி வண்டிகளில் பெரும்பாலானவை இண்டியானா மாநிலத்தில் எல்க்கார்ட் என்கிற ஊரைச் சுற்றித்தான் செய்யப்படுகின்றன. அங்கிருந்து இங்கே 1,500 மைலுக்கு மேல் ரோட்டில் குலுங்கித்தான் வந்தாக வேண்டும். வந்து சேர்ந்ததும் நட்டு நட்டாகத் தொட்டுப் பார்த்துக் கொடுக்க வேண்டியது விற்கிறவன் பொறுப்பு. அதைச் செய்யவில்லை.

காத்திருக்கவும் முடியாது மாப்ளே. அடிப்பக்கம் முழுக்க கறுப்பு பிளாஸ்டிக் தகடு அடித்து மூடியிருக்கிறார்கள். உள்ளே சொட்டினால் வெளியே தெரியாது. தகட்டின் மேலேயே தேங்கி நிற்கும், ஒருநாள் ஒட்டுப்பலகைத் தரை ஊறி உப்பும்போதுதான் தெரியவரும்.

அப்போது எனக்கு ஞாபகம் வந்தது சூலூர் தோட்டம். உங்கள் மாமா கிணற்று மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை, ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஒருத்தர் காயில் போயிடுச்சு என்கிறார், இன்னொருத்தர் இம்பெல்லர் தேஞ்சிடுச்சு என்கிறார். லேத்துக்காரர் மோட்டாரைக் கழற்றவே கயிறோடு நிற்கிறார். நமக்கு அப்போது பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம். நீ ஒன்றுதான் கேட்டாய்: "ஃபுட்வால்வைப் பார்த்தீங்களா?" ஒருத்தரும் பார்க்கவில்லை. பைப்பை மேலே இழுத்தால், அடி முனையில் ஏறிய தண்ணீரைத் திரும்ப இறங்கவிடாமல் பிடிக்கிற அந்த வால்வின் நாக்குக்கு அடியில் ஒரு வேப்பங்குச்சி. அதை எடுத்துப் போட்டதும் பத்து நிமிஷத்தில் வாய்க்காலில் தண்ணீர்.

அதே வழியில் போனேன். சந்தேகத்தைப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போவது. பம்பைப் போட்டு லைனில் பிரஷர் ஏற்றினேன். கைக்கு எட்டுகிற ஒவ்வொரு இணைப்புக்கு அடியிலும் காய்ந்த டிஷ்யூ பேப்பரைச் சுற்றி வைத்தேன். சிங்குக்கு அடியில், ஹீட்டருக்குப் பின்னால், கக்கூஸ் வால்வுக்குப் பின்னால். கையால் தடவிப் பார்த்தால் தெரியாத ஈரம் பேப்பரில் பொட்டாகத் தெரிந்துவிடும். கக்கூஸுக்குப் போகிற எல்போவில் ஒரு பொட்டு கிடைத்தது. பிளாஸ்டிக் நட்டு, உள்ளே கூம்பு மாதிரி ரப்பர் வாசர். விரலால் பிடித்தாலே சுற்றியது. ஸ்பேனர் போட்டு முறுக்கினால் நட்டு விரிந்துவிடும், கையால் இறுக்கி மேற்கொண்டு ஒரு கால் சுற்று, அவ்வளவுதான். மறுபடி பேப்பர் வைத்தேன். காய்ந்தே இருந்தது.

ஆனாலும் "டுர்ர்" போகவில்லை. இடைவெளி அதிகமானது, அவ்வளவுதான். சரி, வெளியே போகவில்லை என்றால் உள்ளேதான் திரும்பிப் போகிறது. பம்பை அணைத்துவிட்டு, வீட்டுத் தோட்டக் குழாயிலிருந்து ஹோஸை நேரடி இணைப்பில் மாட்டினேன். அந்த வழியில் வரும் தண்ணீர் டேங்குக்குப் போகவே கூடாது. நேராகக் குழாய்களுக்குத்தான் போக வேண்டும், பம்பின் உள்ளே இருக்கிற என்.ஆர்.வி., அதாவது தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடுகிற வால்வு, அதைத் தடுத்து நிறுத்தும். (நடுவில் ரெகுலேட்டர் வைத்துப் பிரஷரை 45-க்குக் குறைத்துத்தான் விட்டேன், கத்தாதே.) சாயங்காலம் வந்து பார்த்தால், பாதியளவு இருந்த டேங்க் நிறைந்து, ட்ரெய்லருக்கு அடியில் ஓவர்ஃப்ளோ குழாயிலிருந்து சொட்டிக்கொண்டிருக்கிறது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்! ராத்திரியில் பம்ப் தட்டுவதும், பகலில் டேங்க் தானாக நிறைவதும் ஒரே வியாதி. பம்பின் என்.ஆர்.வி. உட்காரவில்லை.

பம்பின் மேல் மூடியைக் கழற்றினேன். வால்வு விளிம்பில் வெள்ளையாக, நகம் வெட்டிப் போட்ட துண்டு மாதிரி ஒரு பிளாஸ்டிக் சீவல். துளை போட்டவன் ஊதிச் சுத்தம் பண்ணாமல் குழாயை மாட்டியிருக்கிறான். பம்புக்கு முன்னால் தூசி பிடிக்கிற ஸ்ட்ரெய்னர் இருக்கும்போது எப்படி வந்தது என்று கேட்பாய். ஸ்ட்ரெய்னரைத் திறந்து பார்த்தேன், சுத்தமாக இருந்தது, ஓ-ரிங்கும் சரி. டேங்க் பக்கமிருந்து வரவில்லை, குழாய்ப் பக்கம் கிடந்ததுதான் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறது. உறுதியாக்கிக்கொள்ள எல்லாக் குழாய் முனைகளிலும் வலையைக் கழற்றிப் பார்த்தேன், அதே வெள்ளைச் சீவல் அங்கேயும் இருந்தது. லைன் முழுவதையும் அலசிவிட்டு, பம்புக்கு அடுத்து பித்தளையில் தனியாக ஒரு என்.ஆர்.வி. போட்டேன். அன்று ராத்திரி டிரைவ்வேயில் ட்ரெய்லருக்குள்ளேயே படுத்தேன். விடியும்வரை பம்ப் வாயைத் திறக்கவில்லை.

சுடுதண்ணீர்க் கதை ஒன்றும் உண்டு. அடுத்த தடவை போனபோது, ஹீட்டர் கொதிக்கிறது, ஷவரில் வருவது வெதுவெதுப்பு. கடைக்குச் சொல்லியிருந்தால் ஹீட்டரையும் மாற்றியிருப்பார்கள். ஹீட்டருக்குள் போகிற பச்சைத்தண்ணீர் வால்வை மூடினேன், ஹீட்டரைச் சுற்றிப் போகிற பைபாஸும் மூடித்தான் இருந்தது. சமையல் மேடையில் சுடுதண்ணீர்க் குழாயை மட்டும் திறந்தேன். சொட்டுக்கூட வரக்கூடாது, ஆனால் நன்றாகவே கொட்டியது. அப்படியென்றால் பச்சைத்தண்ணீர் எங்கோ சுடுதண்ணீர் லைனுக்குள் கலக்கிறது. எங்கே தெரியுமா? வெளியே மணல் கால் கழுவ ஒரு கை ஷவர் இருக்கிறது. பையன்கள் கழுவிவிட்டு ஷவர் தலையில் இருக்கிற பட்டனை மட்டும் அமுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள், சுடுதண்ணீர், பச்சைத்தண்ணீர்க் குமிழ் இரண்டும் திறந்தே கிடக்கின்றன. அங்கே இரண்டும் கைகோர்த்துக்கொண்டு வண்டி முழுக்கச் சுற்றுகின்றன. குமிழ் இரண்டையும் மூடினதும் கை சுட்டது. பெரியவன் இதைப் பார்த்துவிட்டு, "எப்படிப்பா கண்டுபிடிச்சே?" என்றான். உன் பெயரைச் சொன்னேன். சூலூர் வேப்பங்குச்சியையும் சொன்னேன்.

இங்கே தண்ணீரும் நம்ம போர் தண்ணீர் மாதிரிதான், உப்பு. கொலராடோ ஆற்றிலிருந்து 336 மைல் கால்வாய் வெட்டி இந்தப் பக்கத்துக்குக் கொண்டு வருகிறார்கள், வருகிற தண்ணீர் போகிற இடமெல்லாம் வெள்ளையாகப் படிகிறது. ஹீட்டருக்குள் மக்னீசியத்தில் ஒரு தண்டு போட்டிருக்கிறது. டேங்க் இரும்பு அரிக்காமல் தான் அரிபடுவதற்கு. வருஷாவருஷம் பார்த்து மாற்ற வேண்டும். சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவனுக்கு இந்தத் தண்ணீரில் காபி எப்படி இருக்கும் என்று நீயே யோசித்துக்கொள்.

சரி, இப்போது ஒரு விஷயம், தமாஷ் இல்லை. பட்டறையைக் காலி பண்ணி முன்பக்கத்தை மொபைல் கடைக்கு வாடகைக்கு விடப்போகிறாய் என்று ஒல்லி சொன்னான். வருமானம் குறைந்துவிட்டது, எல்லாரும் பழையதைத் தூக்கிப் போட்டுப் புதுசு வாங்குகிறார்கள், தெரியும். இடுப்பு வலியும் தெரியும். வாடகை வருகிற அளவுக்குப் பட்டறை தராது என்று தங்கச்சி கணக்குப் போட்டுக் காட்டியிருப்பாள், அந்தக் கணக்கில் தப்பு இருக்காது. ஆனாலும் மூடாதேடா. முன்பக்கத்தை வேண்டுமானால் கொடு, பின்பக்கம் பெஞ்சும் டெஸ்டிங் தொட்டியும் இருக்கட்டும். உன்னிடம் வேலை பார்க்கிற அந்தப் பையன், அவனுக்குக் கை ஓடுகிறது என்று நீயே சொன்னாய். கழற்றுவதற்கு முன்னால் என்ன கேட்க வேண்டும் என்பதை அவனுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டாயா? அந்தக் கேள்வி கேட்க ஒரு ஆளைத்தான் நான் இங்கே தேடினேன். இவ்வளவு பெரிய ஊரில், கையில் காசோடு தேடியும் கிடைக்கவில்லை. பணத்தில் இடிக்கிறது என்றால் நேராகச் சொல். நமக்குள் கணக்கு எப்போது இருந்தது? மெஸ் பாக்கியை நான் கட்டின மாசத்தையும், நீ கட்டின மாசத்தையும் யாராவது எழுதி வைத்தோமா?

இதற்கு மட்டும் போனில் பதில் சொல்லாதே, "பார்க்கலாம்" என்று நழுவிவிடுவாய். எழுது.

அப்புறம் ஒரு சந்தேகம், உன்னிடம்தான் கேட்க முடியும். ராத்திரி யாராவது கை கழுவினால்கூடப் பம்ப் ஓடி எல்லாரையும் எழுப்புகிறது. பம்புக்குப் பிறகு சின்னதாக ஒரு அக்குமுலேட்டர் டேங்க் போட்டால் ஒன்றிரண்டு டம்ளர் தண்ணீருக்குப் பம்ப் ஓடாது என்கிறார்கள். ஒரு லிட்டர் போதுமா, இரண்டு லிட்டர் போடட்டுமா? உள்ளே காற்றை எவ்வளவு பி.எஸ்.ஐ. வைப்பது, பம்ப் ஆன் ஆகிற அளவுக்குக் கொஞ்சம் கீழேயா? என்.ஆர்.வி.க்கு முன்னாலா, பின்னாலா? பின்னால்தான் என்று நினைக்கிறேன், ஆனாலும் நீ சொல். அடுத்த மாதம் வெயில் ஏறுவதற்குள் இன்னொரு தடவை கிளாமிஸ் போகிறோம், அதற்குள் மாட்ட வேண்டும். ஒரு பேப்பரில் படம் போட்டு போட்டோ எடுத்து அனுப்பு, பட்டறை பில்லில் எழுதுகிற கையெழுத்தில் எழுதாமல்.

அன்புடன்,
உன் பங்காளி