ஐந்தாவது மொழி கற்க வந்தவனின் மடல்

நிரல் மொழிகளுக்கும் தளங்களுக்கும் தொடக்க வழிகாட்டி எழுதும் அன்பர்களுக்கு,

வணக்கம். விஷுவல் பேசிக் 6-இல் ஆரம்பித்து, ஜாவாவில் பதினாறு வருடம் பிழைப்பு நடத்தி, நடுநடுவே ஜாவாஸ்கிரிப்ட்டோடும் பைத்தானோடும் மல்லுக்கட்டி, இப்போது ரஸ்ட் படித்துக்கொண்டிருக்கிறேன். எண்ணிப் பார்த்தால் ஐந்தாவது மொழி. ஆசைப்பட்டு மாறியது குறைவு. விஷுவல் பேசிக் 6-க்கு ஆதரவு 2008-இல் நின்றது. இணையப் பக்கங்களில் அசைபடம் ஓட்டிய ஃபிளாஷ் 2020 டிசம்பர் 31-ஓடு போனது. ஜாவாஸ்கிரிப்ட்டில் வலைச் செயலிகள் கட்ட உதவிய முதல் ஆங்குலர்ஜேஎஸ் 2021-ஓடு முடிந்தது. காலடியில் தரை நகரும்போது நாமும் நகரத்தானே வேண்டும்.

ஒவ்வொரு முறையும் கைகொடுத்தது நீங்கள் எழுதியவைதான், பெரும்பாலும் காசு வாங்காமல். அந்த நன்றியோடுதான் இந்தக் குறையைச் சொல்கிறேன்.

உங்கள் எழுத்தில் இரண்டு பேருக்குத்தான் இடம் இருக்கிறது. ஒருவர் இன்றைக்குத்தான் நிரல் எழுத உட்கார்ந்தவர். வேரியபிள் என்றால் ஒரு டப்பா, அதற்குள் மதிப்பைப் போடலாம் என்று அவருக்கு அரிச்சுவடியிலிருந்து தொடங்குகிறீர்கள். இன்னொருவர் அந்த மொழியைக் கரைத்துக் குடித்தவர். அவருக்கு ரெஃபரன்ஸ் பக்கங்கள். லூப் என்றால் என்னவென்று இருபது பக்கம் படிக்க எனக்குப் பொறுமை இல்லை. தாண்டிப் போனாலோ, எனக்கு வேண்டிய ஒரே ஒரு வரி அந்த இருபது பக்கத்துக்குள்தான் புதைந்து கிடக்கிறது.

பைத்தானில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஒரு சின்ன ஃபங்ஷன். பெயரைக் கொடுத்தால் பட்டியலில் சேர்த்துத் திருப்பித் தரும். பட்டியல் கொடுக்காவிட்டால் காலிப் பட்டியலை எடுத்துக்கொள்ளட்டும் என்று டீஃபால்ட் மதிப்பாக இரண்டு சதுர அடைப்புக்குறிகளைப் போட்டு வைத்தேன். முதல் அழைப்பில் ஒரு பெயர் வந்தது. சரி. அடுத்த அழைப்பில் இரண்டு பெயர்கள். போன தடவை வந்தவரும் நகராமல் உட்கார்ந்திருக்கிறார். எரர் எதுவும் இல்லை. டேட்டாபேஸைச் சந்தேகப்பட்டேன், தற்காலிகச் சேமிப்பான கேஷைச் சந்தேகப்பட்டேன், கடைசியில் என்னையே சந்தேகப்பட்டேன். ஒரு மதியம் முழுக்கப் போனது. விஷயம் இதுதான்: டீஃபால்ட் மதிப்பு ஒவ்வொரு அழைப்புக்கும் புதிதாகப் பிறப்பதில்லை, ஃபங்ஷன் வரையறுக்கப்படும்போது ஒரே ஒரு முறை பிறந்து, அதே பட்டியலே தொடர்கிறது. ஜாவாவில் டீஃபால்ட் மதிப்பு கொடுக்கும் வசதியே கிடையாது. விஷுவல் பேசிக்கில் மாறிலியை மட்டும்தான் கொடுக்க முடியும். ஆக, என் பழைய அனுபவம் எதுவும் மணி அடிக்கவில்லை. பைத்தானின் அதிகாரபூர்வப் பயிற்சியில் இதை 'முக்கிய எச்சரிக்கை' என்றே தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. நான் படித்த வழிகாட்டி வேறு. அதில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

ரஸ்ட்டில் கதை வேறு. ஒரு ஸ்ட்ரிங்கை, அதாவது எழுத்துத் தொடரை, இன்னொரு பெயருக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த வரியில் பழைய பெயரை அச்சிடச் சொன்னேன். ஜாவாவில் இரண்டு பெயரும் ஒரே பொருளைக் காட்டும். கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிற வரி அது. எழுதிய நிரலைச் சரிபார்த்து இயந்திர மொழிக்கு மாற்றும் ரஸ்ட் கம்பைலர் E0382 என்ற பிழை எண்ணைச் சொல்லி நிறுத்திவிட்டது. ரஸ்ட்டில் ஒரு மதிப்புக்கு ஒரு நேரத்தில் ஒரு பெயர்தான் உரிமையாளர். உரிமை எந்த வரியில் கைமாறியது, கைமாறிய பிறகும் எந்த வரியில் அதைத் தொட்டேன் என்று கோடு போட்டுக் காட்டியது. அந்த எண்ணைக் கொடுத்து விளக்கம் கேட்டால் உதாரணத்தோடு பாடமே நடத்துகிறது. கிளோன், அதாவது நகல், செய்துகொள்ளலாம் என்று யோசனை வேறு சொன்னது. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம், எரர் வந்த இடமெல்லாம் கிளோன் போட்டுக் கம்பைலரின் வாயை அடைத்தேன் என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனாலும் நான் எந்தப் பழக்கத்தில் தப்பு செய்கிறேன் என்று முதல் நாளே எனக்குச் சொன்னது ஒரு மென்பொருள்தான்.

நான் கேட்பது இதைத்தான். உங்கள் மொழியில் என்ன இருக்கிறது என்பதை நானே தேடிக் கண்டுபிடித்துக்கொள்வேன். என் கையில் ஊறியிருக்கும் எந்தப் பழக்கம் இங்கே காலை வாரும் என்பதை எழுதுங்கள். ஜாவாவிலிருந்து வருகிறவனுக்கு ஒரு பக்கம், பைத்தானிலிருந்து வருகிறவனுக்கு ஒரு பக்கம் போதும். சில மொழிகளுக்கு அப்படிப்பட்ட பக்கங்கள் இருக்கின்றன. ஆனால் அவற்றில் பலவும் இந்தக் குறிக்குப் பதில் அந்தக் குறி என்கிற அட்டவணையோடு நின்றுவிடுகின்றன. குறி மாறினால் கம்பைலரே திட்டிச் சொல்லிவிடும். ஒரே மாதிரி தெரிந்து வேறு மாதிரி நடந்துகொள்கிற வரிகளில்தான் எங்களுக்கு ஆள் வேண்டும்.

இன்னொன்று, தேதி. பக்கத்தின் தலையில் எந்தத் தேதியில் எழுதியது, எந்தப் பதிப்பில் ஓட்டிப் பார்த்தது என்று போட்டுவிடுங்கள். பைத்தான் 3 வந்தது 2008 டிசம்பரில். பைத்தான் 2-க்கு ஆதரவு நின்றது 2020 ஜனவரி 1-இல். இடைப்பட்ட பதினோரு வருடங்களில் எழுதப்பட்ட பக்கம் எந்தப் பைத்தானைப் பேசுகிறது என்று எப்படித் தெரியும்? 7-ஐ 2-ஆல் வகுத்தால் ஒன்றில் 3, இன்னொன்றில் 3.5. மொழி மாறாவிட்டாலும் வழிகாட்டிக்கு வயதாகும். கோ மொழி 2012-இல் முதல் பதிப்பு வந்தபோதே பழைய நிரல்கள் தொடர்ந்து ஓடும் என்று வாக்குக் கொடுத்தது. பெரும்பாலும் காப்பாற்றியும் வருகிறது. ஆனால் 2018-இல் நிரல் தொகுப்புகளை நிர்வகிக்கும் மாட்யூல்கள் வந்த பிறகு, கோப்புகளை எந்த ஃபோல்டரில் வைப்பது என்று சொன்ன பழைய முதல் அத்தியாயங்கள் அத்தனையும் புதியவனைத் தப்பான வீட்டுக்கு அனுப்பின.

'வெறும்', 'இவ்வளவுதான்', 'மிக எளிது' ஆகியவற்றை எடுத்துவிட முடியுமா? எனக்கு வேலை செய்யாமல் போவது எப்போதும் அந்தச் சொற்களுக்கு அடுத்த வரிதான்.

ரஸ்ட்டில் தடுக்கி விழுந்த இடங்களை முதல் நாளிலிருந்து ஒரு கோப்பில் குறித்து வருகிறேன். இன்றைக்கு நாற்பத்தொன்று இருக்கிறது. நேற்று எடுத்துப் பார்த்தபோது முதல் ஆறில் நான் எதற்காகத் தடுமாறினேன் என்பதே எனக்கு விளங்கவில்லை. மீதியும் அப்படி ஆவதற்குள் உங்களில் யாராவது கேட்டால் கோப்பை அப்படியே அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்