பெயிண்ட் எங்கே போயிருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

படகுப் பராமரிப்புக் கட்டுரையில், ‘ப்ரொப்பெல்லரில் பெயிண்ட் போயிருந்தால் சுரண்டிவிட்டுப் புதிதாக அடியுங்கள்’ என்று ஒரே வரியில் முடித்திருந்தீர்கள். அடிப்பது கடைசி வேலை. பெயிண்ட் எந்த இடத்தில், எப்படிப் போயிருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அலுமினிய ப்ரொப்பெல்லர் இறக்கையின் நுனியிலும், நீரை முதலில் வெட்டும் முன்விளிம்பிலும் மட்டும் பெயிண்ட் தேய்ந்து, உலோகம் வழவழவென்று மின்னினால் அது மணல் செய்த வேலை. 14 அங்குல ப்ரொப்பெல்லர் நிமிடத்துக்கு 2,500 சுற்று சுற்றினால் நுனியின் வேகம் மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டும். அந்த வேகத்தில் கலங்கிய மணல் உரசினால் எந்தப் பெயிண்டும் நிற்காது. விளிம்பு மெலியாத வரை கவலை வேண்டாம்.

படகைப் பார்த்த பக்கத்தில், முன்விளிம்புக்குச் சற்றுப் பின்னால் கறையான் அரித்த மாதிரி சொரசொரவென்று குழிந்திருந்தால் அது கேவிட்டேஷன். அழுத்தம் குறையும் இடத்தில் நீர் ஆவிக்குமிழாகி, உடனே நொறுங்கி உலோகத்தைப் பெயர்க்கிறது. நகத்தால் வருடினாலே தெரியும். ஒரே இறக்கையில் மட்டும் இருந்தால், அந்த இறக்கையின் முன்விளிம்பில் வெட்டோ நெளிவோ இருக்கும். அரத்தால் ராவி, மற்ற இறக்கைகளின் வளைவுக்குக் கொண்டுவந்தால் போதும். எல்லா இறக்கையிலும் ஒரே இடத்தில் இருந்தால் குறை வேறு: மோட்டாரை உயரத்தில் மாட்டியிருக்கலாம், முன்னால் ஏதாவது பொருத்தி நீரோட்டம் கலைந்திருக்கலாம், அல்லது அந்தப் படகின் பாரத்துக்கு ப்ரொப்பெல்லரே பொருந்தாததாக இருக்கலாம். இதற்குப் பெயிண்ட் அடிப்பது வீண் செலவு.

மூன்றாவது வகையில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பெயிண்ட் தேயாமல் கொப்புளமாக எழும்பி, குத்தினால் உள்ளே வெள்ளைப் பொடி இருந்தால் அது மின்வேதி அரிப்பு. படகு சும்மா நிற்கும்போதும் இது நடக்கும். நீர் வேகமாக ஓடாத ஹப்பின் (இறக்கைகள் சேரும் நடுப்பகுதி) மேலும் வரும். ப்ரொப்பெல்லருக்குப் பதிலாகத் தான் அரிந்து கரைவதற்காகவே பொருத்தியிருக்கும் உலோகத் துண்டான ஆனோடைப் பாருங்கள். பாதி கரைந்திருந்தால் மாற்றுங்கள். உப்புநீருக்குத் துத்தநாகம், நன்னீருக்கு மெக்னீசியம். யாராவது ஆனோடு மீதே பெயிண்ட் அடித்திருந்தால் அது இருந்தும் இல்லாததுதான். கரையிலிருந்து மின்சாரம் எடுக்கும் படகில் மின்கசிவையும் சோதிக்க வேண்டும். வெண்கல ப்ரொப்பெல்லரில் இளஞ்சிவப்புத் திட்டுகள் தெரிந்து, தட்டினால் கணீரென்று ஒலிக்காமல் மந்தமாகக் கேட்டால், துத்தநாகம் வெளியேறி உலோகம் வலுவிழந்துவிட்டது என்று பொருள்.

ஹப் வழியே புகை போகும் மோட்டாரில் அங்கே படியும் கரி, துடைத்தால் போய்விடும்.

காரணத்தைச் சரிசெய்த பிறகு அடிக்கலாம். சாவியை எடுத்து, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு ப்ரொப்பெல்லரை வெளியே எடுங்கள். ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் ஷாஃப்டில் தூண்டில் நரம்பு சுற்றியிருந்தால், எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீலை அறுத்துவிடும். அதையும் அப்போதே பார்த்துவிடலாம். வெள்ளைப் பொடி துளியும் இல்லாமல் 120-ஆம் எண் உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய்ப் பசை நீக்கி, தாமதிக்காமல் அலுமினியத்துக்கான பிரைமர் அடியுங்கள். காற்றுப் பட்டவுடனே அலுமினியத்தில் ஆக்சைடு படியத் தொடங்கிவிடும். மேல்பூச்சு மெல்லியதாக இரண்டு முறை போதும். ஷாஃப்டில் பொருந்தும் ஹப்பின் உள்பற்களில் பெயிண்ட் படக்கூடாது. படகின் அடியில் பாசி பிடிக்காமல் பூசும் தாமிரப் பெயிண்ட் மிச்சம் இருக்கிறதே என்று அதை அலுமினியத்தின் மேல் அடித்துவிடாதீர்கள். அரிப்பை அதுவே கிளப்பிவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்