அமெரிக்கக் காங்கிரசின் குடியரசுக் கட்சி உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களே,

உங்கள் கட்சி எப்போது பெருமைப்படும்படி நடந்துகொண்டது என்று கேட்டால், 1974 ஜூலைக் கடைசி வாரத்தைத்தான் சொல்வேன். ஜனநாயகக் கட்சி அலுவலகத்தில் நடந்த வாட்டர்கேட் திருட்டை மூடிமறைத்த விவகாரத்தில் சிக்கிய சொந்தக் கட்சி அதிபர் ரிச்சர்ட் நிக்சனைக் காப்பாற்ற உங்கள் ஆட்களில் சிலர் மறுத்த வாரம் அது.

நிக்சனால் உங்கள் கட்சி அடைந்த லாபம் கொஞ்சமல்ல. சட்டம் ஒழுங்கு என்ற முழக்கத்தோடு வந்தார். ஜனநாயகக் கட்சியின் கோட்டையாக இருந்த தென் மாநிலங்களை உங்கள் பக்கம் திருப்பினார். உச்ச நீதிமன்றத்துக்கு 4 நீதிபதிகளை நியமித்தார். 1972இல் 50 மாநிலங்களில் 49ஐ வென்றார். அவருடைய கொள்கைகள் பலவற்றில் எனக்கு உடன்பாடில்லை. 1971இல் கிழக்குப் பாகிஸ்தானில் மக்களைக் கொன்று குவித்த பாகிஸ்தான் ராணுவ ஆட்சியாளர் யாஹ்யா கானுக்கு அவர் துணை நின்றதை மன்னிக்கவே முடியாது. சரி, அந்த வழக்கு வேறு. உங்கள் கட்சிக்காரர்களுக்கு அவர் கொள்கை பிடித்திருந்தது. பிடித்திருந்தும் சிலர் எதிர்த்து வாக்களித்தார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

1974 ஜூலை 24 அன்று, வெள்ளை மாளிகையில் நிக்சன் பதிவு செய்துவைத்த உரையாடல்களின் ஒலிநாடாக்களை ஒப்படைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 8–0 என்று தீர்ப்பளித்தது. எழுதியவர் நிக்சனே நியமித்த தலைமை நீதிபதி வாரன் பர்கர். மூன்று நாள் கழித்து, பதவி நீக்கத்தை விசாரித்த பிரதிநிதிகள் சபையின் நீதித்துறைக் குழுவில் இருந்த உங்கள் கட்சியினர் 17 பேரில் 6 பேர், முதல் பதவி நீக்கத் தீர்மானத்தை ஆதரித்தார்கள். அவர்களில் லாரன்ஸ் ஹோகன் மூன்று தீர்மானங்களையும் ஆதரித்தவர். அதே ஆண்டு மேரிலாந்து ஆளுநர் தேர்தலுக்குக் கட்சிக்குள் நடந்த போட்டியில் அவர் தோற்றுப்போனார்.

கம்போடியாவில் ரகசியமாகக் குண்டு போட்டதைக் குற்றச்சாட்டில் சேர்க்க அதே குழு 26–12 என்று மறுத்தது. அத்தனை உயிர்கள் போனது வாட்டர்கேட் திருட்டைவிடச் சின்னக் குற்றமா? அந்த மறுப்பை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

அப்புறம் ஆகஸ்ட் 5 அன்று, வாட்டர்கேட் திருட்டு பற்றிய எஃப்பிஐ விசாரணையை சிஐஏவை வைத்துத் தடுக்க நிக்சன் சம்மதித்த உரையாடல் வெளியே வந்தது. இரண்டு நாளில் பழமைவாதிகளின் தலைவரான பாரி கோல்ட்வாட்டர் இன்னும் இரு தலைவர்களோடு வெள்ளை மாளிகைக்குப் போய், செனட்டில் ஆதரவு இல்லை என்று நேரிலேயே சொன்னார். ஆகஸ்ட் 9 அன்று நிக்சன் பதவி விலகினார்.

இதை இப்போது எழுதக் காரணம், உச்ச நீதிமன்றத்தின் 2024 ஜூலை 1 தீர்ப்பு. அதிபரின் அதிகாரபூர்வச் செயல்களுக்குக் குற்ற வழக்கிலிருந்து பெரும் விலக்கு அளித்த தீர்ப்பு அது. அதிகாரிகளுக்கு அதிபர் இட்ட உத்தரவை வைத்து இனி வழக்கு நடத்துவது மிகக் கடினம். அதனால் பொறுப்பு முன்பைவிட அதிகமாக உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. உங்கள் கட்சி அதிபரிடமும் ஆவணங்களைக் கேளுங்கள். தரவில்லையென்றால் சம்மன் அனுப்புங்கள். சாட்சிகளை மக்கள் பார்க்கும்படி விசாரியுங்கள். வாக்கெடுப்பு என்று வந்தால், ஹோகனைப் போல் அடுத்த தேர்தலில் தோற்கவும் துணிந்து வாக்களியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வரலாற்றை அக்கறையோடு படிக்கும் ஒரு தமிழ் வாசகர்