சுக்கைச் சுரண்டிப் போடு

அன்புள்ள தம்பிக்கு,

பார்சலில் சுக்கு, மிளகு, திப்பிலி தனித்தனியாகக் கட்டி வைத்திருக்கிறேன். நிலவேம்புக் குடிநீர்ச் சூரணமும் ஒரு பொட்டலம் இருக்கிறது. நாட்டு மருந்துதானே, எவ்வளவு குடித்தாலும் ஒன்றும் செய்யாது என்று மட்டும் நினைத்துவிடாதே. அளவும் பக்குவமும் தப்பினால் அதுவும் உடம்பைப் படுத்தும்.

'சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு' என்பார்கள். சுக்கின் மேல்தோலைக் கத்தியால் சுரண்டி எறிந்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். கடுக்காய் வாங்கினால் உள்ளே இருக்கும் கொட்டையை நீக்கிவிடு.

சளிக்கு ஒரு வேளைக் கஷாயத்துக்குச் சுண்டுவிரலில் பாதி நீளச் சுக்கு, மிளகு 8, திப்பிலி 2, துளசி 10 இலை. சரக்குகளை ஒன்றிரண்டாகத் தட்டினால் போதும், மிக்ஸியில் மாவாக்காதே. மாவு அடியில் படிந்து பிடிக்கும். வடிகட்டினாலும் இறங்கித் தொண்டையில் நிற்கும். 2 டம்ளர் தண்ணீர் அரை டம்ளராக வற்ற வேண்டும். இதைக் கண்ணால் மதிப்பிடப் போனால் ஏமாந்துவிடுவாய். முதலில் பாத்திரத்தில் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, சுத்தமான ஈர்க்குச்சி ஒன்றை நேராக நிறுத்து. நனைந்த இடத்தில் நகத்தால் ஒரு கீறல் போட்டு வைத்துக்கொள். பிறகு மீதித் தண்ணீரையும் சரக்கையும் சேர்த்து, மூடாமல், சிறு தீயில் விடு. அவ்வப்போது குச்சியை விட்டுப் பார். கீறல் மட்டத்துக்கு வந்ததும் இறக்கு. தீயைக் கூட்டினால் சாறு இறங்குவதற்குள் தண்ணீர் வற்றிவிடும். துளசியை இறக்கிய பிறகு போட்டு 5 நிமிடம் மூடி வை, அப்போதுதான் வாசம் நிற்கும். கருப்பட்டியும் வடிகட்டிய பிறகுதான். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், எவர்சில்வர் போதும்.

சாப்பிட்ட பின் வெதுவெதுப்பாகக் குடி. காலையில் வைத்ததை இரவில் சுடவைத்துக் குடிக்காதே. 3 நாளுக்கு மேல் தொடர வேண்டாம். நெஞ்சு எரிந்தாலோ வாயில் புண் வந்தாலோ அன்றே நிறுத்திவிடு. உன் அறையில் யாராவது ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் இருந்தால், அவருக்கு டாக்டரைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது.

நிலவேம்புப் பொட்டலம் காய்ச்சலுக்கு மட்டும். அதில் நிலவேம்போடு வெட்டிவேர், விலாமிச்சம்வேர், சந்தனம், சுக்கு, மிளகு, கோரைக்கிழங்கு, பேய்ப்புடல், பற்பாடகம் என்று ஒன்பது சரக்கு சேர்ந்திருக்கிறது. கசக்கிறது என்று அளவைக் குறைப்பதும், நல்லது என்று தினமும் குடிப்பதும் இரண்டுமே தப்பு. குடித்தாயிற்று என்று ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதே, இதை அம்மா கெஞ்சிக் கேட்கிறேன். டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற அந்த ஓரிரு நாள்தான் ஆபத்தான நேரம். வயிறு வலித்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, ஈறில் ரத்தம் கசிந்தாலோ நேரே ஆஸ்பத்திரிக்குப் போ. சித்த மருத்துவரையே பார்க்க வேண்டுமானால் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. 2005 முதல் நடக்கிறது. கடைக்காரர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு சூரணம் வாங்காதே.

எண்ணெய்க் குளியல் வாரம் ஒருநாள் போதும். நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கித் தலைக்கு 2 கரண்டி, உடம்புக்கு அதைப்போல் இரண்டு பங்கு. அரை மணி ஊறியதும் வெந்நீரில் சீயக்காய் தேய்த்துக் குளி. ஏசி அறையில் எண்ணெயோடு உட்கார்ந்திருக்காதே. அன்று பகலில் தூங்காதே. சளி, காய்ச்சல் இருந்தால் அந்த வாரம் விட்டுவிடு. குளியலறைத் தரையைச் சீயக்காய் போட்டுக் கழுவிவிட்டு வெளியே வா, இல்லாவிட்டால் அடுத்து வருகிறவர் வழுக்கி விழுந்துவிடுவார்.

காலையில் கடைப் பூரிக்குப் பதில் நீராகாரம் குடித்துப் பார். புழுங்கலரிசிச் சோறு நன்றாக ஆறிய பிறகு, சோற்றுக்கு மேல் இரண்டு விரல் நிற்கும்படி தண்ணீர் ஊற்று. சூடாக இருக்கும்போதே ஊற்றினால் நொசநொசத்துக் கெட்டுப்போகும். சென்னை வெக்கைக்கு 8 மணி நேரம் போதும். உப்பு காலையில்தான் போட வேண்டும். லேசான புளிப்பு சரி. நூல் விட்டாலோ நாற்றம் வந்தாலோ கொட்டிவிடு.

சுக்கு டப்பாவில் ஈரக் கரண்டி போடாதே. பூசணம் பிடித்தால் வெயிலில் காயவைத்து மறுபடி எடுத்துவைக்காதே, தூக்கிப் போட்டுவிடு. அம்மா வேறு அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா