குழாயை அகலமாக்குனா .275 எப்படிங்க .375 ஆகும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல வந்த பழைய வேட்டைக் கதையைப் படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு. அந்த எஸ்டேட் துரை, அவரோட சமையல்காரர், மழையில சேத்துல மாட்டிக்கிட்ட ஜீப்பு எல்லாம் கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு. ஆனா நடுவுல ஒரு வரி, துரை தன்னோட .275 ரைஃபிளை (இந்த எண் குழாய்த் துளையோட அகலம், அங்குலத்துல) டவுன் பட்டறையில குடுத்து "குழாயை அகலமாக்கி .375 ஆக்கிக்கிட்டார்"னு போட்டிருந்தீங்க பாருங்க, அங்க எனக்குக் காபி புரையேறிடுச்சு. நான் ராணுவத்துல துப்பாக்கி பழுது பார்க்கிற ஆர்மரரா இருந்து ரிட்டயர் ஆனவன், கையில கிரீஸ் வாசம் இன்னும் போகலை, அதனால இதைப் படிச்சுட்டுப் பேசாம இருக்க முடியல.

குழாயைத் துளைச்சுப் பெருசாக்குறது உலகத்துல இல்லாத வேலை இல்லை, ரீபோர்னு அதுக்குப் பேரே இருக்கு. துளைச்சுட்டு உள்ள திரும்பவும் ரைஃப்ளிங், அதாவது குண்டைச் சுழல வைக்கிற சுருள் பள்ளம், வெட்டணும், அதுக்குன்னு தனி மெஷின் இருக்கு, சைக்கிள் ஆக்சில் கடையிற லேத்துல ஆகுற காரியம் இல்லை. சரி, துரை கையில காசு இருந்துச்சு, குழாயை சரியாவே பண்ணிட்டார்னு வச்சுக்குவோம். மீதிக்கு எங்க போவார்?

.275 ரிக்பின்னு இங்கிலீஷ்காரன் பேரு வச்சது ஜெர்மன்காரனோட 7 மில்லிமீட்டர் மவுசர் தோட்டாதான். முழு நீளம் சுமார் 78 மில்லிமீட்டர். ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் 1912-ல கொண்டு வந்த .375 மேக்னம் 91 மில்லிமீட்டர் கிட்ட வரும். தோட்டா அடுக்குற பழைய மேகசின்ல அது நுழையவே நுழையாது. அடிப்பக்கமும் தடிமன், அதுல பெல்ட் மாதிரி ஒரு வளையம் வேற, குழாயைப் பின்னாடி அடைக்கிற போல்ட்டோட முகத்துல அது உட்காராது, சுட்ட கூட்டை வெளிய இழுக்குற எக்ஸ்ட்ராக்டர் கவ்வாது. அதுக்காக அந்தக் காலத்துல சில பேரு சாதா மவுசர் 98 ரைஃபிளை எடுத்து தோட்டா ஏறுற சரிவை முன்னாடி தேய்ச்சு தேய்ச்சு இடம் பண்ணுவாங்க. தேய்க்கிறது எந்த இடம்னு கேட்டீங்கன்னா, போல்ட்டைப் பூட்டுற ரெண்டு லக்குல, அதாவது முட்டுல, கீழ் லக் சாய்ஞ்சு நிக்கிற அந்த இரும்புக்குப் பக்கத்துலயேதான்! வெடிக்கும்போது முழு உதையையும் தாங்குறது அந்த லக்கு ரெண்டும்தானே. பிரஷர் அதேதான்னு வச்சாக்கூட தோட்டாவோட அடி அகலமானதால மட்டும் போல்ட்டுக்குப் போற தள்ளு ஆறுல ஒரு பங்கு கூடிடும். ஒரு பக்கம் தள்ளு கூடுது, இன்னொரு பக்கம் அதைத் தாங்குற இரும்பு குறையுது, முகத்தை ஒட்டி வச்சுக்கிட்டு சுடுறவனுக்கு இது தெரியவும் தெரியாது. அதனாலதான் பெரிய தோட்டாவுக்குன்னே மவுசர் கம்பெனி போல்ட்டும் அது ஓடுற கூடும் சேர்ந்த நீளமான மேக்னம் ஆக்‌ஷன் தனியா செஞ்சுச்சு, 1911-ல வந்த .416 ரிக்பி எல்லாம் அதுமேல கட்டுனதுதான்.

பெருசாக்கவே முடியாதான்னா, முடியும், தோட்டாவைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கணும். 1905-ல பெர்லின்ல ஓட்டோ போக்னு ஒருத்தர் ஆப்பிரிக்காவுல இருந்த ஜெர்மன் குடியேறிகளுக்காக 9.3-க்கு 62-ன்னு ஒரு தோட்டா பண்ணினார். சாதாரண மவுசர் 98 ஆக்‌ஷன்லயே ஓடணும்னு கணக்குப் போட்டுப் பண்ணது அது, அடிப்பக்கம் பழைய தோட்டா அளவுதான். என்னைக் கேட்டா கெட்டிக்காரத்தனம்னா அதுதான், துப்பாக்கிக்குத் தகுந்த தோட்டா. நம்மாளு தோட்டாவை முதல்ல ஆசைப்பட்டுட்டு அப்புறம் துப்பாக்கியை அறுக்கப் பார்க்கிறான்.

நம்ம நாட்டுக் கதையே எடுங்களேன். 1962 சீனப் போருக்கு அப்புறம் வங்காளத்துல இச்சாபூர் ஃபேக்டரியில பழைய .303 லீ என்ஃபீல்டு ரைஃபிள் டிசைனை 7.62 நேட்டோ தோட்டாவுக்கு மாத்துனாங்க, 2ஏ1-னு வந்துச்சு, நானே எத்தனையோ கழட்டி மாட்டியிருக்கேன். குண்டைப் பார்த்தா .303-க்கும் அதுக்கும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனா .303-க்கு அடியில விளிம்பு உண்டு, இதுக்குக் கிடையாது, பிரஷரும் இதுக்கு ஜாஸ்தி. அதுக்காக இரும்பையே நல்ல ஸ்டீலா மாத்துனாங்க, எக்ஸ்ட்ராக்டரை மாத்துனாங்க, மேகசின் சதுரமாச்சு, குறி பார்க்கிற சைட்ல 2000 மீட்டர்னு இருந்தது 800-க்கு இறங்குச்சு. ஒரு சர்க்கார் ஃபேக்டரியே இவ்வளவு யோசிச்சுப் பண்ண வேலை, டவுன் பட்டறையில ஒரு மத்தியானத்துல முடிஞ்சுச்சாம்!

என் மேஜை டிராயர்ல ஒரு காலி கேஸ், அதாவது சுட்ட தோட்டாவோட கூடு, வச்சிருக்கேன். அடியில இருந்து ஒரு விரல் அகலம் மேல சுத்தி ஒரு பளபளப்பான வளையம் ஓடும், நகத்தால தடவுனா உள்பக்கம் பள்ளம் விழுந்திருக்கிறது தெரியாது, வளைச்ச கம்பியை உள்ள விட்டு இழுத்தாத்தான் தட்டும். ஹெட்ஸ்பேஸ், அதாவது போல்ட் முகத்துக்கு முன்னாடி தோட்டா உட்கார்ற இடத்தோட அளவு, சரியில்லாத ரைஃபிள்ல சுட்டது. இன்னொரு தடவை அப்படி இழுபட்டிருந்தா கூடு ரெண்டாப் பிஞ்சு வெடிமருந்து வாயு பின்னாடி வந்திருக்கும். போன வருஷம் எங்க சொந்தக்காரப் பையன் ஒருத்தன், தாத்தா வச்சிருந்த .275-ஐ வீடியோ பார்த்துட்டு "மாமா, இதை .375 பண்ணிடலாமா"ன்னு வந்தான். நான் ஒண்ணும் சொல்லலை, அந்தக் காலி கேஸை எடுத்து அவன் கையில குடுத்தேன்.

சட்டம் வேற இருக்கு, கதை எழுதினவர் அதையும் விட்டுட்டார். துரை காலத்துலயும் சும்மா இல்லை, .450 காலிபரை வெள்ளைக்காரன் இந்தியாவுல தடை பண்ணதாலதான் கம்பெனிக்காரங்க .470, .465-னு புதுசு புதுசா இறக்குனாங்க. .303 பட்டாளத் தோட்டா, பொதுஜனத்துக்குக் கிடையாதுன்னுதான் நம்மூர் .315-ஏ வந்துச்சு, அது ஆஸ்திரியப் படையோட பழைய மான்லிக்கர் தோட்டா. இப்ப 1959 ஆயுதச் சட்டம் 5-ஆம் பிரிவுல துப்பாக்கியைக் கன்வர்ட் பண்றதுக்கே தனி லைசென்ஸ் வேணும், வச்சிருக்கிற லைசென்ஸ் போதாது. 2019 திருத்தத்துக்கு அப்புறம் மீறுனா குறைஞ்சது ஏழு வருஷம், ஆயுள் வரைக்கும் போகலாம். வேட்டையோ 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட போச்சு, அப்புறம் எதுக்குங்க .375, கொல்லையில பன்னி விரட்டவா?

கடைசியா ஒண்ணு. கட்டுரைக்கு மேல ".375 வேட்டைத் துப்பாக்கி"ன்னு போட்ட படம் இச்சாபூர் .315. போல்ட் கைப்பிடியையும் மேகசினையும் பார்த்தாலே தெரியும், அதையாவது அடுத்த வாரம் திருத்திப் போடுங்க. பையனோட தாத்தா ரைஃபிள் இன்னும் .275-ஆவேதான் இருக்கு, எலெக்‌ஷன் வந்தா ஸ்டேஷன்ல ஒப்படைச்சுட்டு ரசீதைப் பர்ஸ்ல மடிச்சு வச்சுக்கிட்டுச் சுத்துறான்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆர்மரர் ஒருவர்,
குன்னூர்.